காலண்டரில் இருந்த 211 மணி நேரம்

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் சாமான் வாங்கும் மளிகைக்கடைக்காரர் ஒவ்வொரு டிசம்பரிலும் சுருட்டி, ரப்பர் போட்டுக் கொடுப்பது. பெரிய பெரிய எண்கள், ஓரத்தில் ராகு காலம், அடியில் கடையின் போன் நம்பர். தேதிக் கட்டங்களுக்குள் அம்மா பென்சிலால் பொடிப்பொடியாக ஏதோ எழுதிவைப்பார். கேஸ் மாற்றிய நாள், தண்ணீர் வராத நாள், யாருக்கோ கொடுத்த கைமாற்று என்று நினைத்திருந்தேன். கிட்டப் போய்ப் பார்த்ததில்லை.

கடந்த அக்டோபர் கடைசியில் அம்மா வேலையை விட்டார். வயது 58. முழங்கால் இனி முடியாது என்று சொல்லிவிட்டது. கோலாலம்பூர் நகரத்துக்குள் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. கட்டடம் ஒருவருடையது, அம்மாவுக்குச் சம்பளம் கொடுப்பது வேறொரு கான்ட்ராக்ட் கம்பெனி. கடைசிச் சம்பளம் வந்த அன்று, "இது சரியா இருக்கான்னு பாரும்மா" என்று என் பழைய பள்ளிப் பையை எடுத்து வந்து மேசையில் கவிழ்த்தார். அத்தனையும் சம்பளச் சீட்டுகள். ஒன்றுகூட விடாமல் சேர்த்து வைத்திருந்தார்.

நான் கெப்போங்கில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் கணக்கு கிராணி, அதாவது எழுத்தர். மாதாமாதம் முப்பத்துச் சொச்சம் பேருக்குச் சம்பளம் போடுவது என் வேலை. அடுத்தவர்களின் சீட்டை ஒவ்வொரு சென்னாகச் சரிபார்க்கும் நான், என் தாயின் சீட்டை அன்றுதான் முதன்முதலாகக் கையில் எடுத்தேன். அதை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

சீட்டில் முதல் வரி: காஜி போக்கோக், அதாவது அடிப்படைச் சம்பளம், 1,500. இரண்டாவது வரி: எலாவுன் கெஹாடிரான், அதாவது வருகைப்படி, 200. மொத்தம் 1,700. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். 2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேருக்கு மேற்பட்டோ ஐந்து பேரோ வேலை செய்கிற இடங்களில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஆகஸ்டு 1 முதல் அதைவிடச் சின்ன இடங்களுக்கும் அதே தொகை. பிறகென்ன குறை?

குறை முதல் வரியில் இருக்கிறது. சட்டம் சொல்லும் 1,700 என்பது அடிப்படைச் சம்பளம். 2011ல் வந்த தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டத்தில் குறைந்தபட்சச் சம்பளம் என்றாலே அடிப்படைச் சம்பளம் என்றுதான் பொருள். வருகைப்படி, சாப்பாட்டுப்படி, போக்குவரத்துப்படி எல்லாம் அதற்கு மேலே வர வேண்டியவை. அம்மாவின் கம்பெனி பிப்ரவரியில் அடிப்படையைத் தொடவே இல்லை. பழைய 1,500ஐ அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் 200ஐ ஒட்டவைத்தது.

200ஐ எந்தப் பெயரில் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஏப்ரல் மாதச் சீட்டைச் சொல்கிறேன். முழங்கால் வீங்கி அம்மா ஒரே ஒரு நாள் கிளினிக்கில் எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்கினார். அந்த மாதம் வருகைப்படி முழுசாகப் போய்விட்டது. 26 நாளில் ஒரு நாள் உடம்பு சரியில்லாததற்கு 200 வெள்ளி, அதாவது 200 ரிங்கிட். அடிப்படையில் சேர்த்திருந்தால் அதில் கை வைத்திருக்க முடியாது. ஈபிஎஃப் என்ற தொழிலாளர் சேமநிதியும் 1,500க்குத்தான் கட்டியிருந்தார்கள். முதலாளி பங்கு 13 விழுக்காடு. 1,700க்கு 221 வெள்ளி வர வேண்டும், வந்தது 195. மாதம் 26 வெள்ளி பெரிய காசா என்றால், 58 வயதில் இருக்கிற ஒரு துப்புரவுத் தொழிலாளிக்கு ஈபிஎஃப் புத்தகத்தில் இருப்பதுதான் சொத்து. வேறு எதுவும் கிடையாது.

அப்புறம் ஓட்டி, கூடுதல் நேர வேலைக்கான கூலி. எந்தச் சீட்டிலும் ஓட்டி என்ற வரியே இல்லை. "ஏம்மா, நீங்க ஓட்டி செஞ்சதே இல்லையா?" என்று கேட்டேன். அம்மா எழுந்துபோய்ச் சுவரில் இருந்த காலண்டரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தார்.

பிப்ரவரி 3: 6.55 – 4.30. பிப்ரவரி 4: 6.50 – 4.40. பிப்ரவரி 5: 7.00 – 4.30, பக்கத்தில் "2 மாடி" என்று ஒரு குறிப்பு. மார்ச், ஏப்ரல், மே, ஒரு வேலைநாள்கூட விடுபடவில்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவர் அம்மா. அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

வேலை ஒப்பந்தப்படி காலை 7 மணி முதல் மாலை 3.30 வரை, இடையில் ஒரு மணி நேரம் ஓய்வு. ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம், வாரம் ஆறு நாள், ஆக 45. வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் உச்சம், அதற்கு முன் 48ஆக இருந்தது. தாளில் எல்லாம் அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. நடந்தது வேறு. ஜனவரியில் இரண்டு பெண்கள் வேலையை விட்டார்கள், அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. அவர்களின் மாடி இருப்பவர்கள் தலையில் விழுந்தது. வேலை முடிகிறபோது நாலரை ஆகிவிடும். சூப்பர்வைசர் நம் பையன்தான், அம்மாவை அக்கா என்று கூப்பிடுவான். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க அக்கா, சீக்கிரம் ஆள் வந்துரும்" என்று ஒன்பது மாதம் சொல்லியிருக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவனுக்கு மேலே இருக்கிறவன் அவனிடம் என்ன சொன்னானோ.

கணக்கு போட்டேன். 1,700ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 65 ரிங்கிட் 38 சென். அதை ஏழரையால் வகுத்தால் மணிக்கு 8 ரிங்கிட் 72 சென். சாதாரண நாளில் ஓட்டிக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 13 ரிங்கிட் 8 சென். காலண்டரில் 3.30க்குப் பிறகு இருந்த நேரத்தை மட்டும் கூட்டினேன், காலையில் ஐந்து பத்து நிமிடம் முன்னால் போனதை விட்டுவிட்டேன். 211 மணி நேரம் வந்தது. 2,759 ரிங்கிட் 88 சென். அடிப்படையில் குறைந்தது ஒன்பது மாதத்துக்கு 1,800. இரண்டும் சேர்ந்து 4,559 ரிங்கிட் 88 சென்.

அம்மா அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு, "அவ்வளவா இருக்கும்?" என்றார். பிறகு, "போகட்டும் விடு, வேலைதான் விட்டாச்சே" என்றார்.

வேலையை விட்டதால்தான் கேட்க முடியும் என்பது எனக்குத் தெரியும். வேலையில் இருந்தபோது கேட்டிருந்தால்?

அம்மாவுக்கு இந்த எழுதிவைக்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அன்றிரவு கேட்டேன். தாத்தாவிடமிருந்தாம். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் பால்மரம் வெட்டினார், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தார். விடிவதற்கு முன் பெரட்டில், அதாவது வேலையாட்களை வரிசையில் நிறுத்தி, ஆள் எடுப்பார்கள், கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறிப்பார். பால் நிறுக்கிற இடத்தில் இன்னொரு புத்தகம். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. மாதக் கடைசியில் கிராணி சொல்வதுதான் கணக்கு. தாத்தா தன் பாட்டுக்கு லயத்துக் கதவின் உள்பக்கம் கரிக்கட்டையால் கோடு போட்டு வருவாராம். கிராணி கணக்கும் கதவுக் கணக்கும் ஒத்துப்போகாத மாதங்களில் என்ன செய்தார் என்று கேட்டேன். "என்ன செய்வார்? அடுத்த மாசமும் கோடு போடுவார்."

1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. படையைக் கொண்டுவந்து அடக்கினார்கள், சுட்டார்கள், உயிர் போனது. கூலியையும் மரியாதையையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார்கள் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அம்மா தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தும் ஆயிற்று, தோட்டமே இன்று இல்லை. ஆனால் அவர் வேலையை எழுதும் புத்தகம் அப்போதும் வேறொருவர் கையில், இப்போதும் வேறொருவர் கையில்.

குறைந்தபட்சச் சம்பளம் நம் நாட்டில் ஒன்றும் பழைய விஷயம் இல்லை. 2013 ஜனவரியில்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் 900, சபா சரவாக்கில் 800. 2016ல் இங்கே 1,000, 2019ல் நாடு முழுக்க 1,100, 2020ல் நகரங்களில் 1,200, 2022 மே மாதம் 1,500. ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சியில் அறிவிப்பு வரும்போது அம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "இது நமக்கும் உண்டா?" உண்டும்மா, எல்லாருக்கும்தான் என்பேன். வீட்டுப் பணிப்பெண்களை விட்டுவிட்டார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். மற்றபடி வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இதே தொகைதான். சட்டத்தில் உண்டு என்பதும் கைக்கு வருகிறது என்பதும் ஒன்றென்று நினைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் லேபர் ஆபீசுக்கு, அதாவது தொழிலாளர் இலாகாவுக்குப் போனோம். அம்மா கல்யாணத்துக்குப் போவது போலப் புடவை கட்டிக்கொண்டார். கையில் பள்ளிப் பை, சுருட்டிய காலண்டர். பயந்த அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை. வக்கீல் வேண்டாம், காசு கட்ட வேண்டாம். தொழிலாளர் நீதிமன்றம் என்றதும் அம்மா மனதில் சினிமாவில் வருகிற கோர்ட்டு இருந்தது. விசாரிப்பவர் இலாகா அதிகாரிதான், முதலாளியையும் தொழிலாளியையும் எதிரெதிரே உட்காரவைத்துக் கேட்பார். போனில் புகார் செய்ய 2021ல் இருந்து வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ் என்ற செயலியும் இருக்கிறது. அம்மாவுக்காக நேரில் போனோம், அவருக்கு முகம் பார்த்துப் பேசினால்தான் பேச்சு வரும்.

அந்த மலாய்ப் பெண் அதிகாரி காலண்டரை மேசையில் விரித்து, பக்கம் பக்கமாகப் புரட்டினார். "மக்சிக், இதை அன்றன்றே எழுதினீர்களா, பிறகு மொத்தமாக எழுதினீர்களா?" என்று மலாயில் கேட்டார். மக்சிக் என்றால் அத்தை, பெரியம்மா மாதிரி மரியாதைச் சொல். "வீட்டுக்கு வந்ததும் எழுதுவேன், அதற்குப் பிறகுதான் குளிப்பேன்" என்றார் அம்மா. அதிகாரி சிரிக்கவில்லை. எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்துக்கொண்டார். ஆண்டவன் அவரை நன்றாக வைத்திருக்கட்டும்.

கம்பெனியிலிருந்து வந்தவர் முதலில் சொன்னது நான் எதிர்பார்த்ததுதான்: 1,500உம் 200உம் 1,700 தானே. அடிப்படை என்றால் அடிப்படை, இரண்டு வரியைக் கூட்டிச் சொல்லக் கூடாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். ஓட்டிக்கு, எங்கள் பதிவில் அப்படி இல்லையே என்றார் கம்பெனிக்காரர். பதிவைக் காட்டுங்கள் என்றார் அதிகாரி. அடுத்த தேதிக்குக் கொண்டுவந்த தாளில் எல்லா நாளும் 7.00 – 3.30. ஒன்பது மாதமும் ஒரு நிமிடம் முன்பின் இல்லை. எல்லா எழுத்தும் ஒரே பேனா, ஒரே கை. நான் சம்பளம் போடுகிறவள். மனிதர்கள் உண்மையில் வேலைக்கு வந்துபோகிற நேரம் எப்படிக் கோணல்மாணலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். 6.50, 7.05, 4.40 என்று இருந்த அம்மாவின் பென்சிலைத்தான் யாரும் நம்புவார்கள்.

முதலில் 2,000 தருகிறோம் என்றார்கள். அம்மா என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர் முடிவு. "நான் செஞ்ச வேலைக்குத்தானே கேக்கிறேன்" என்று தமிழில் என்னிடம் சொன்னார், நான் மலாயில் சொன்னேன். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் 4,300 ரிங்கிட்டுக்குச் சம்மதித்துக் கையெழுத்தானது. இரண்டு தவணை. இரண்டும் வந்துவிட்டது. மிச்சம் இருநூற்றுச் சொச்சத்துக்காக இன்னும் இழுக்க வேண்டாம் என்று அம்மா சொன்னார்.

இங்கே கதையை முடித்தால் நல்லபடியாக முடிந்த மாதிரி இருக்கும். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தக் கட்டடத்தில் வேலை செய்தவர்கள் அம்மாவையும் சேர்த்துப் பதினொரு பேர். எல்லார் சீட்டிலும் அதே 1,500, அதே 200. எல்லாரும் நாலரைக்குத்தான் கிளம்பினார்கள். பணம் வந்தது ஒருவருக்கு. அந்த ஒருவர் வேலையை விட்டவர், வீட்டில் கணக்கு தெரிந்த மகள் உள்ளவர், காலண்டரில் எழுதிவைத்தவர். இந்த மூன்றும் சேர்ந்து அமைந்தால்தான் சட்டம் வேலை செய்யும் என்றால் மற்ற பத்துப் பேர் எங்கே போவார்கள்? அவர்களில் மூவர் நேப்பாளிகள். பாஸ்போர்ட் ஆபீசில் பத்திரமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தப் பையன்கள் புகார் கொடுக்க லேபர் ஆபீசுக்கு வருவார்கள் என்று யார் எதிர்பார்ப்பது?

புகார் வந்தால் பார்ப்போம் என்று இருப்பது, வீட்டுக்காரன் எழுப்பினால்தான் காவல் என்பது போலத்தான். வேலைச் சட்டம் இலாகா அதிகாரிக்கு, முன்னறிவிப்பு இல்லாமல் எந்த வேலையிடத்துக்குள்ளும் நுழைந்து பதிவேட்டைக் கேட்கிற அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்காத முதலாளிக்கு ஒரு தொழிலாளிக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம் போடலாம். பதினொரு பேர் என்றால் பெருக்கிப் பாருங்கள். கையில் இவ்வளவு இருக்கும்போது, சாயங்காலம் 3.45க்கு ஓர் அதிகாரி அந்தக் கட்டடத்தின் கீழ்மாடிக்கு வந்து, யார் இன்னும் மாப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். காலண்டரே தேவைப்படாது.

கட்டடக்காரர்களும் கைகழுவ முடியாது. ஓர் ஆளுக்கு அடிப்படை 1,700, ஈபிஎஃப் 221, அதுவே 1,921. இதற்கு மேல் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி, லீவு நாளுக்கு மாற்று ஆள், துடைப்பம், சோப்பு, கம்பெனியின் லாபம். ஆளுக்கு 1,900 என்று ஒரு கான்ட்ராக்டர் விலை சொன்னால், அதில் யாருடைய பணம் குறைகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். குறைந்த விலை சொன்னவனுக்குக் கையெழுத்துப் போடுகிற மேனேஜருக்கு அந்தக் கூட்டல் தெரியும். தெரிந்தேதான் போடுகிறார். அரசாங்கக் கட்டடமானாலும் தனியார் கட்டடமானாலும், கான்ட்ராக்ட் கொடுக்குமுன் இந்தக் கூட்டலை எழுதிக் காட்டச் சொல்ல வேண்டும், மாதாமாதம் சம்பளச் சீட்டின் நகலைக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். என்னைப் போன்ற கிராணிகளுக்கு அது அரை நாள் வேலை.

கிராணிகளைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் சீட்டை யாரோ என்னைப் போன்ற ஒருவர்தான் தட்டச்சு செய்திருப்பார். 1,500, அடுத்த வரி 200. முதலாளி சொன்னதைச் செய்திருப்பார், வீட்டில் பிள்ளைகள் இருக்கும். என் மேசைக்கு அப்படி ஒரு சொல் வந்தால் நான் என்ன செய்வேன் என்று இந்த மூன்று மாதமாக யோசித்துவருகிறேன். மாட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்வேன்.

டிசம்பரில் மளிகைக்கடைக்காரர் புதுக் காலண்டர் கொடுத்தபோது, அம்மா இன்னும் ஐந்து கேட்டு வாங்கினார். எதற்கு என்று அவர் கேட்டாராம், சொந்தக்காரர்களுக்கு என்றாராம். பழைய வேலையிடத்துக்கு எதிரில் இருக்கும் பஸ் நிறுத்தத்தில் ஒரு சாயங்காலம் போய் நின்றிருக்கிறார். நாலரைக்கு வெளியே வந்தவர்களிடம் ஆளுக்கு ஒன்று கொடுத்திருக்கிறார், கூடவே பென்சிலும்.

தைப்பூசத்தன்று ஈப்போ சாலைத் தண்ணீர்ப்பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தோம். அம்மாவோடு வேலை செய்த ஓர் அக்கா, பால்குடம் எடுத்த மகளோடு வந்தவர், கூட்டத்துக்குள் அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனார். போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். ஜனவரி மாதப் பக்கம். கட்டங்களுக்குள் பென்சில் எழுத்து.

"அஞ்சு நிமிஷம் கூடினாலும் எழுதணுமா அக்கா?" என்று கேட்டார்.

அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஆமா," என்றார், "4.35ன்னே எழுது."